பிஸ்கட் பெட்டியோடு ஊருக்கு வரும் டயகமப் பிள்ளைகளுக்கு

புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளிலும், கடல் தாண்டிக் கட்டாரிலும் குவைத்திலும் உழைக்கிற எங்கள் டயகமப் பிள்ளைகளே,

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து நீங்கள் போனில் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள்: "மருந்து போட்டீங்களா?" "போட்டேன்பா" என்கிறார்கள். அடுத்தது உங்கள் கட்டளை: "முட்டை தின்னாதீங்க, மீன் வேணாம், இறைச்சிப் பக்கமே போகாதீங்க." அதற்கும் "சரி" என்கிறார்கள். பிறகு பேச்சு பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டளையால் உங்களைப் பெற்றவர்கள் மெலிந்துகொண்டிருக்கிறார்கள், அடிக்கடி நோயில் விழுகிறார்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியவில்லை. இங்கேயே இருக்கிற நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் வைத்தியனில்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். உங்களில் சிலருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன். என்னிடமும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது, அதில் கொலஸ்ட்ரோல் என்று சிவப்பு மையில் எழுதியும் இருக்கிறது. உங்கள் அப்பா அம்மாவோடு அதே வாங்கில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடும்வரை காத்திருக்கிறவன் என்பதால் உரிமையோடு பேசுகிறேன்.

நீங்கள் தடுத்ததையெல்லாம் எடுத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். என் பக்கத்துக் காம்பராவில் எழுபது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். கூடை சுமந்தே முதுகு வளைந்தவர். காலையில் ஒன்றரை ரொட்டி, தேங்காய்ச் சம்பல். ரொட்டியைப் பிய்த்துச் சாயத்தண்ணியில் நனைத்துத்தான் விழுங்குவார், பல் இல்லை. பத்து மணிக்கு மறுபடி சாயத்தண்ணி. சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. மத்தியானம் சோறு, தேங்காய்ப்பால் விட்ட உருளைக்கிழங்குக் குழம்பு, பொரித்த கருவாட்டில் விரலளவு ஒரு துண்டு. மகன் மீன் வேண்டாம் என்றான், கருவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! சாயங்காலம் ஒரு பணிஸ், இல்லையென்றால் கொழும்பிலிருந்து வந்த கிரீம் பிஸ்கட். இரவுக்கு மிச்ச ரொட்டி. முட்டையை நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. கொலஸ்ட்ரோல் இறங்கவில்லை. இறங்கியது அவருடைய உடம்புதான். போன வருசத்து ரவிக்கை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. அடைமழையில் பிடித்த சளி, மழை விட்டு மாதக்கணக்காகியும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

ஏன் இறங்கவில்லை? இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நம்முடைய ஈரலே செய்துகொள்கிறது. கெட்டது என்று டொக்டர்மார் சொல்கிற எல்.டி.எல். எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பதில் சாப்பாட்டிலுள்ள கொலஸ்ட்ரோலைவிட, நிறைவுற்ற கொழுப்புக்கே பங்கு அதிகம். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம் அளவுதான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரோல் சாப்பிடக் கூடாது என்று பல வருசமாகச் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015 பதிப்பில் அந்த எல்லையை எடுத்துவிட்டது. நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலான முதியவர்களுக்குக் கெடுதல் இல்லை. சலரோகம் உள்ளவர்களும் டொக்டர் தனியாக எச்சரித்தவர்களும் அவரிடம் கேட்டு நடக்கட்டும்.

இனித் தேங்காய். இதைப் பற்றி இலங்கையில் வாய் திறந்தால் அடி விழும் என்று எனக்குத் தெரியும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது. அது எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் வெளிப்படையாகவே எழுதியது. பாட்டன் காலத்திலிருந்து சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள் என்பீர்கள். பாட்டன் விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்கினார், அவர் காலத்தில் மூன்று வேளையும் தேங்காய் வாங்க வழியும் இருக்கவில்லை. தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சம்பல் காலையில் இருந்தால் மத்தியானக் குழம்பு தேங்காய்ப்பால் இல்லாமல் இருக்கட்டும். பொரியல் எண்ணெயைப் போத்தலில் ஊற்றிவைத்து மறுபடி மறுபடி காய்ச்சுவது நிற்கட்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வெள்ளை மாவும் சீனியும் இன்னொரு வழியாக வந்து கெடுக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ரோலை இறக்கிவிடும். உங்கள் அம்மா குச்சிபோல இருந்தும் கொழுப்பு எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறீர்களே, பாதி விடை அந்த உள்ளங்கைச் சீனியில் இருக்கிறது.

கொலஸ்ட்ரோலைப் பற்றி மட்டும் பேசினால் கதை அரைவாசிதான். நெஞ்சைவிட்டுப் போகாத அந்தச் சளியைப் பற்றியும் பேச வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கேதான் முதிர்கிறது. இளமையிலிருந்தே அது சுருங்கிக்கொண்டு வரும். அறுபது, எழுபதில் பெரும்பகுதி கொழுப்புத் திசுவாகவே மாறியிருக்கும். உங்களுக்குச் சில நாளில் போகிற சளி அவர்களுக்கு வாரக்கணக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, கூடிப்போன எல்.டி.எல். இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து கெட்டுப்போகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் ஓடுகின்றன. விழுங்கி விழுங்கிக் கொழுப்பு நிறைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. வாசலில் காவல் நிற்க வேண்டிய ஆள் உள்ளே குப்பை அள்ளப் போய்க் குப்பையோடு குப்பையாகக் கிடப்பது போன்ற நிலை அது. உடம்புக்குள் சின்னதாக ஓர் அழற்சி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கொலஸ்ட்ரோல் இதயத்தின் பிரச்சினை, சளி நெஞ்சின் பிரச்சினை என்று நாம் வேறு வேறாகப் பார்க்கிறோம். உடம்பு அப்படிப் பிரித்து வைத்திருக்கவில்லை.

2018 இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இன்புளுவென்சாக் காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியான பின் வரும் முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாள்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு என்று அதில் கண்டார்கள். எங்கள் ஊரின் குளிர் உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்கு மழையில் லயத்துச் சுவர் வியர்க்கும். தை மாதத்துப் பனியில் விடியற்காலைப் புல் வெள்ளையாகக் கிடக்கும். அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் காம்பராவுக்குள்ளேயே சுற்றும். இந்த இடத்தில், கொலஸ்ட்ரோல் உள்ள ஓர் எழுபது வயதுக்காரருக்கு வரும் காய்ச்சலை "சும்மா தடிமன்" என்று விட்டுவிட முடியுமா?

எதிர்த்து நிற்க உடம்புக்கு முதலில் வேண்டியது புரதம். கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரியும் புரதத்தால் ஆனது, நோயில் படுத்தவரை எழுந்து நடக்க வைக்கும் சதையும் புரதத்தால் ஆனது. வயதாகிவிட்டால் சாப்பாடு குறைவாகப் போதும் என்று நினைக்கிறோம். புரதக் கணக்கில் அது நேர் எதிர். நடுவயதில் கிலோ எடைக்கு 0.8 கிராம் போதும் என்றால், 65 தாண்டியவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது 2013 இல் முதியோர் மருத்துவ நிபுணர்கள் கூடிச் சொன்ன பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள உங்கள் அம்மாவுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரகக் கோளாறு என்று டொக்டர் சொல்லியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு வேறு, அவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. மேலே சொன்ன அம்மாவின் தட்டை மறுபடி பாருங்கள். அந்த ரொட்டியிலும் சோற்றிலும் கருவாட்டுத் துண்டிலும் பாதியாவது தேறுமா? நீங்கள் நிறுத்தச் சொன்ன முட்டையில் 6 கிராம் இருந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் பை வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு கையிலும் தொங்குமே, அந்தப் பை. கிரீம் பிஸ்கட், கேக், முழுக்கொழுப்புப் பால்மா, பற்றாக்குறைக்கு "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று வெளியே கொட்டை எழுத்தில் போட்ட ஒரு டின் மா. அந்த டின்னைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கம் வாசித்திருக்கிறீர்களா? இத்தகைய டின்கள் பலவற்றில் சீனி முன்வரிசையில் நிற்கும்.

எதிர்ப்புச் சக்தியைப் போத்தலில் தேடும் ஆசை நாட்டுக்கே இருக்கிறது, உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை எல்லோரும் பார்க்கக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குக் கொரோனா. மாத்திரையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிமின் மெய்தானி என்ற ஆய்வாளர் முதியோர் இல்லங்களில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார். சாதாரணத் தடிமன் கொஞ்சம் குறைந்தது. நெஞ்சுச் சளி, நியுமோனியா குறையவில்லை. அந்த முடிவு 2004 இல் வெளிவந்தது. இதயத்துக்கு அந்த மாத்திரையால் பலனில்லை என்பது அதற்கு முன்பே, 2000 இல், இன்னொரு பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. அதே மெய்தானி இருந்த குழு செய்த இன்னொரு வேலைதான் நமக்கு நேராகப் பொருந்துகிறது. எல்.டி.எல். 130க்கு மேல் இருந்தவர்களுக்கு ஒரு மாதம் சோயா எண்ணெய், ஒரு மாதம் கட்டி மாஜரின், ஒரு மாதம் வெண்ணெய் என்று மாற்றி மாற்றிச் சமைத்துக் கொடுத்தார்கள். மாஜரின் சாப்பிட்ட மாதத்தில், சோயா எண்ணெய் மாதத்தைவிட, அவர்களுடைய வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கூடுதலாகச் சுரந்தன. எண்ணெயை வேதிமுறையில் கட்டியாக்கும்போது பிறக்கும் டிரான்ஸ் கொழுப்புதான் அங்கே சந்தேக நபர். எல்லா மாஜரினும் இன்று அப்படி இல்லை. ஆனாலும் அந்தக் கொழுப்பு இருக்கக்கூடிய மலிவான கிரீம் பிஸ்கட்டையும் கேக்கையும் கொலஸ்ட்ரோல் உள்ள தாய்க்கு அன்பளிப்பாகக் கொண்டுவருகிறவர் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா? முட்டையைப் பறித்துவிட்டு இதைக் கொடுக்கிறோம்.

பழைய கதை ஒன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நாம் ரொட்டிக்காரர்களாகப் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா விழுந்து அரிசி வருவது நின்றபோதுதான் கோதுமை மா இந்த நாட்டுச் சமையலறைக்குள் பெருமளவில் நுழைந்தது. வேலைக்கு ஓடுகிறவருக்குச் சுடுவதும் லேசு, கட்டிக்கொண்டு போவதும் லேசு. வந்த மா நம்மிடமே தங்கிவிட்டது. பிறகு 1973, 74. தோட்டங்களைப் பஞ்சம் பிடித்த வருசங்கள். அரிசிப் பங்கீடு சுருங்கியது, மா கிடைக்கவில்லை, லயங்களில் பசியால் சாவு விழுந்தது. இன்று கிளினிக் வாங்கில் என்னோடு உட்கார்ந்திருப்பவர்கள் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள், சிலர் கைக்குழந்தையோடு நின்ற இளம் தாய்மார். 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பிடித்த பஞ்சத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கருவின் முதல் மாதங்களில் பட்டினி கண்டவர்களுக்கு நடுவயதில் இரத்தக் கொழுப்பின் நிலை மோசமாகவும், இதய நோய் கூடுதலாகவும் இருந்தது. நம்மவர்களை அப்படி யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் பசியில் வளர்ந்த உடம்பு பிற்காலத்தில் கொழுப்பைச் சரியாகக் கையாளாமல் திணறும் என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "வாயைக் கட்டாமல் தின்றதால் வந்த வருத்தம்" என்று அம்மாவைக் கடிந்துகொள்கிறீர்களே, அந்தப் பேச்சு வேண்டாம். வாயைக் கட்டியே வாழ்ந்தவர் அவர்.

அந்தப் பஞ்சம் விட்டுப்போன இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது பேரப்பிள்ளைக்குப் போகும். ஒரு துண்டு மீன் இருந்தால் அது வேலைக்குப் போகிற மருமகளுக்கு. "எனக்கு வேணாம், டொக்டர் வேணாம்னு சொன்னாரு" என்று சொல்ல இப்போது நீங்களே ஒரு சாட்டும் கொடுத்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பதைக் குறை சொல்லவும் முடியாது. 2016 இல் எடுத்த நாடளாவிய கணக்கில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17.3. அந்தப் பிள்ளைகளுக்காவது பிள்ளைமடுவத்தில் நிறுவை இருக்கிறது, எடையை எழுதிவைக்கக் கொப்பி இருக்கிறது, தாய்க்குத் திரிபோஷ இருக்கிறது. பாட்டி ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்தால் கண்டுபிடிக்க எந்தக் கொப்பியும் இல்லை. கிளினிக்கில் நெருக்கம், சீட்டைப் பார்த்து மருந்தை எழுதி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டால், "எண்ணெய் குறைங்க" என்ற ஒரு வரி கிடைக்கும். சில நேரம் அதுவும் சிங்களத்தில்.

எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று சொல்லட்டுமா? மன்ராசியிலும் அக்கரப்பத்தனையிலும் ரோட்டோரத்தில் நின்று பாருங்கள். லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி, பீட்ரூட் என்று மூட்டை மூட்டையாக லொறி ஏறிப் பேலியகொடைக்கும் தம்புள்ளைக்கும் போகிறது. கொழும்பில் நீங்கள் ஹோட்டல் சோற்றுப் பார்சலில் சாப்பிடுகிற போஞ்சிக்கறி இங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதை விளைவித்த மலையில் இருக்கிற கிழவிக்கு மத்தியானக் கறி உருளைக்கிழங்கு மட்டும். ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது அவர் தட்டுக்கு வராததற்குக் காசு மட்டும் காரணமில்லை. மரக்கறியை நறுக்கி, அவித்து, பல்லில்லாத வாய்க்கேற்ப மசித்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. நீங்கள் கொழும்பில், மருமகள் மலையில்.

இனி, எது வேண்டும் என்று சொல்கிறேன். எல்லாம் அக்கரப்பத்தனைக் கடையில் கிடைக்கும் சாமான்கள்தான். முதலில் பருப்பு, கடலை, கௌபி, பயறு. நாளுக்கு முக்கால் கோப்பை, அதாவது அவித்தபின் சுமார் 130 கிராம், தொடர்ந்து சாப்பிட்டால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் இறங்குகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014 இல் கனடிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அவற்றிலுள்ள நார் குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். புதுப் பித்தநீர் செய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை இழுக்க வேண்டிவரும். பெருங்குடல்வரை போகும் மிச்ச நாரை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, குடற்சுவருக்கும் அங்கே தங்கியிருக்கும் எதிர்ப்பு அணுக்களுக்கும் உணவாக்குகின்றன. கொலஸ்ட்ரோலுக்கு மருந்து, காய்ச்சலுக்குக் கவசம், புரதத்துக்குப் புரதம். ஒரே கௌபிக் கோப்பையில் மூன்றும். எந்தப் பாணிப் போத்தல் இதைச் செய்யும்?

மீன் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டின்மீன் போதும், அதில் இதயத்துக்கு வேண்டிய நல்ல கொழுப்பு இருக்கிறது. உப்புத் தண்ணியை வடித்துவிட்டுச் சமைக்கட்டும். நெத்தலிக் கருவாடு மலிவான புரதம், ஆனால் உப்பு. சுடுதண்ணியில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்து, பிறகு சட்டியில் போட வேண்டும். நாள் முழுவதற்கும் உப்பு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிதான், 5 கிராம். தோலுரித்த கோழி, சோயா மீட், முட்டை, எல்லாம் முறைபோட்டு வரலாம். தேங்காய்ச் சம்பலுக்குப் பதிலாக வறுத்த கச்சானை இடித்துச் சட்னி அரைத்தால் பல் இல்லாதவரும் தொட்டுக்கொள்வார். மெய்தானி மாத்திரையில் கொடுத்த வைட்டமின் ஈ கச்சானில் இயல்பாகவே இருக்கிறது. சாயத்தண்ணியை விடச் சொல்லாதீர்கள், கேட்கவும் மாட்டார்கள், கேட்கத் தேவையுமில்லை. சீனியைக் குறைத்தால் போதும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து வீணாகாது.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். சாப்பாடு சரியாகிவிட்டது என்று கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. "கொழுப்பைக் கரைக்கும்" என்று போனில் வரும் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பிவைக்கிற பிள்ளைகளும் உங்களில் இருக்கிறார்கள். அதைப் பார்த்து மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பூண்டுத் தண்ணி குடித்தவரை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையால் கைகால் உளைகிறது என்றால் டொக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார்.

"சேர், எங்களிடம் காசில்லை" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கொழும்பு வாடகை, பிள்ளை படிப்பு, 2022க்குப் பிறகு ஏறிய விலைவாசி, எல்லாம் அறிந்தவன்தான். நான் புதிதாகக் காசு கேட்கவில்லை. அந்தப் பையில் ஏற்கெனவே செலவழிக்கிற காசின் திசையை மாற்றச் சொல்கிறேன். அந்த டின் மாவின் விலைக்கு எத்தனை கிலோ கௌபி வரும் என்று அடுத்த தடவை கடையில் நின்று கணக்குப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாடு மறந்திருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வருகிற தீபாவளிக்குப் பிஸ்கட் பெட்டி வேண்டாம். பருப்பு, கடலை, கௌபி, பயறு, கச்சான், நாலைந்து டின்மீன் கொண்டுவாருங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இனிப்பு இருக்கட்டும், பண்டிகைதானே. வந்த அன்றே லயத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போய், வாரத்துக்குப் பத்து முட்டை உங்கள் பேரில் கணக்கெழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் போனிலேயே காசை அனுப்பிவிடலாம். ஏன் பத்து? பேரப்பிள்ளைக்குப் போனாலும் பாட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. ஒன்றோ இரண்டோ வாங்கிக் கொடுத்தால் அது அவர் தட்டுக்கு வந்து சேராது.

இரண்டாவது, லீவில் வருகிறபோது ஒரு நாளை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். தேர்த் திருவிழாவைப் பார்க்க மூன்று நாள் நிற்கிறீர்களே, அதில் ஒரு நாள். கிளினிக்குக் கூடவே போய், கொப்பியை வாசித்து, கொலஸ்ட்ரோல் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு என்று கேளுங்கள். அம்மாவைத் தராசில் ஏற்றி எடையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்; அடுத்த தடவை வரும்போது ஒப்பிட அது வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துப் பல் டொக்டரிடமும் கூட்டிப்போங்கள். வெற்றிலையும் வயதும் சேர்ந்து தின்றுபோட்ட பல்லுக்கு ஒரு கட்டுப்பல் வைத்துக்கொடுத்தால்தான், நான் மேலே எழுதிய சாமான் எல்லாம் வயிற்றுக்குள் போகும். இன்புளுவென்சாத் தடுப்பூசி இவருக்குப் போடலாமா என்றும் கேளுங்கள். உங்களுக்குச் சிங்களம் வரும், அவர்களுக்கு வராது. அந்த ஒரு நாளில் நீங்கள் கேட்கிற நாலு கேள்வி, அவர்கள் வருசம் முழுவதும் கேட்கத் தயங்கிய கேள்விகள்.

மூன்றாவதுக்குக் காசும் வேண்டாம், லீவும் வேண்டாம். இன்று இரவு போன் எடுக்கும்போது மருந்தைப் பற்றி அப்புறம் கேளுங்கள். முதலில், மத்தியானம் சோற்றோடு என்ன கறி என்று கேளுங்கள். "உருளைக்கிழங்கு" என்று சொன்னால், "வேற?" என்று கேளுங்கள். "வேற ஒண்ணும் இல்ல" என்றால் மருமகளையோ அண்ணனையோ கூப்பிட்டு, நாளைக்கு ஒரு கைப்பிடி பருப்பாவது போடச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடலாம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடவில்லை. "மகன் வேணாம்னு சொல்லியிருக்கான்" என்று தட்டை நகர்த்துகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
டயகம.